ஒரே தளம், ஒரே குழு: கப்பலேறும் ஆளில்லா விமானங்கள் குறித்துக் கடற்படைத் தலைமையகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்தியக் கடற்படைத் தலைமையகத்தின் வான்பிரிவுப் பொறுப்பாளர்கள், புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நம் போர்க்கப்பல்களின் பின்தளத்தில் ஹெலிகாப்டரோடு ஆளில்லா விமானமும் நிற்கப்போகும் காலம் வந்துவிட்டது. எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, எத்தனை மணி நேரம் பறக்கும் என்பதெல்லாம் செய்தித்தாள்களில் விரிவாகப் பேசப்படுகின்றன. வாங்கிய விமானம் கப்பலுக்கு வந்து சேர்ந்தபின் யார் பொறுப்பில் இருக்கும், அதை யார் கழுவிக் கட்டுவார், எது முதலில் எழும்ப வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பார் என்ற கேள்விகளை யாரும் எழுப்பக் காணோம். கடற்படையின் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது அரக்கோணத்தில் குடியிருக்கும் நான் இந்த மடலை எழுதுவது அந்தக் கேள்விகளுக்காகவே. கப்பலில் ஏறும் ஆளில்லா விமானம், அந்தக் கப்பலில் ஏற்கெனவே இருக்கும் ஹெலிகாப்டர் ஃப்ளைட்டின், அதாவது ஹெலிகாப்டரும் அதன் பைலட்டுகளும் பராமரிப்பாளர்களும் அடங்கிய குழுவின், உறுப்பாக, அதே ஃப்ளைட் கமாண்டரின் கீழ் இயங்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். தனிக் குழு, தனி அதிகாரி, தனிப் பதிவேடு என்று அதைப் பிரித்து வைத்தால், வாங்கிய பணத்தின் பயனில் பாதிகூடக் கிடைக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

2024 மார்ச்சில் நடந்த எம்.வி. ரூவன் மீட்பை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். முந்தைய டிசம்பரில் சோமாலியக் கடற்கொள்ளையரால் கடத்தப்பட்ட அந்தச் சரக்குக் கப்பலை ஐ.என்.எஸ். கொல்கத்தா மறித்து நின்றபோது, தளத்திலிருந்து ஏவப்பட்ட ஒரு ட்ரோன்தான் கப்பலில் ஆயுதம் தாங்கிய கொள்ளையர் இருப்பதை முதலில் உறுதிசெய்தது. அவர்கள் அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஒரு கருவி போயிற்று, அவ்வளவே. அந்த இடத்தில் ஒரு ஹெலிகாப்டர் பறந்திருந்தால், பைலட், துணைப் பைலட், பின்னால் இருக்கும் பணியாளர் என எத்தனை உயிர்கள் அந்தத் துப்பாக்கியின் எல்லைக்குள் இருந்திருக்கும்! ஏறத்தாழ 40 மணி நேரம் நீடித்த அந்த நடவடிக்கையின் முடிவில் 35 கொள்ளையரும் சரணடைந்தனர், 17 மாலுமிகளும் காயமின்றி மீண்டனர். மேலே பி-8ஐ கண்காணிப்பு விமானமும், உயரத்தில் வெகுநேரம் பறக்கும் ஆளில்லா விமானமும், சி-17 போக்குவரத்து விமானத்திலிருந்து குதித்த மார்க்கோஸ் என்ற கடற்படைக் கமாண்டோ வீரர்களும், கீழே போர்க்கப்பல்களும் சேர்ந்து இயங்கிய அந்த வெற்றியைக் கண்டு பூரித்தவர்களில் நானும் ஒருவன். ஆயினும் அந்தச் சிறிய ட்ரோன் செய்த வேலைதான் என் மனத்தில் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு நாளும் செய்யக்கூடிய வேலை அது.

ஆளில்லா விமானம் நம் கடற்படைக்குப் புதிதும் அன்று. 2006இல் கொச்சியில் ஐ.என்.ஏ.எஸ். (கடற்படை விமான அணி) 342, 2011இல் போர்பந்தரில் 343, 2012இல் இராமநாதபுரம் உச்சிப்புளியின் ஐ.என்.எஸ். பருந்து தளத்தில் 344 என மூன்று அணிகள், ஹெரான், சர்ச்சர் விமானங்களைக் கொண்டு கரையோரத்தைக் கண்காணித்து வந்திருக்கின்றன. 2020 நவம்பர் முதல், குத்தகைக்கு எடுத்த எம்க்யூ-9பி சீகார்டியன்கள் எங்கள் ஊர்க் கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து பறக்கின்றன. 2024 அக்டோபரில் முப்படைக்குமாகக் கையெழுத்தான 31 எம்க்யூ-9பி விமானங்களில் 15 கடற்படைக்குரியவை. இவையெல்லாம் நீண்ட ஓடுபாதை தேவைப்படும் பெரிய விமானங்கள், கரையில் பிறந்து கரைக்கே திரும்புபவை. கப்பலிலிருந்து எழுந்து கப்பலிலேயே இறங்கும் விமானத்தின் கதை வேறு. 2007இலேயே ஐ.என்.எஸ். சுஜாதாவின் தளத்தில் ஆஸ்திரியாவின் கேம்காப்டர் எஸ்-100ஐ நாம் பறக்கவிட்டுப் பார்த்தோம். சேத்தக் ஹெலிகாப்டரையே ஆளில்லாமல் பறக்கும்படி மாற்ற இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் இஸ்ரேல் ஏரோஸ்பேஸும் சேர்ந்து எடுத்த முயற்சி கப்பலேறாமலே நின்றுபோனது. இத்தனை ஆண்டுகள் போனது வருத்தம்தான். ஆனால் அதற்குள் பிற கடற்படைகள் செய்து பார்த்தவற்றின் விளைவுகள் இப்போது நம் முன் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அவற்றுள் அமெரிக்கக் கடற்படையின் அனுபவமே நீண்டது. 2013 மே மாதம் சான் டியேகோவின் நார்த் ஐலண்ட் தளத்தில் அமைக்கப்பட்ட எச்எஸ்எம்-35 என்ற அணி, எம்எச்-60ஆர் ஹெலிகாப்டரையும் எம்க்யூ-8பி ஃபயர் ஸ்கவுட் என்ற ஆளில்லா ஹெலிகாப்டரையும் ஒரே அணியில் வைத்துக்கொண்டது. பைலட்டுகளே ஆளில்லா விமானத்தையும் இயக்கினார்கள். பராமரிப்பாளர்களும் இரண்டுக்கும் பொதுவானவர்களே. 2014 நவம்பரில் யு.எஸ்.எஸ். ஃபோர்ட் வொர்த் கப்பல் தென்கிழக்காசியாவுக்குப் புறப்பட்டபோது அதன் தளத்தில் இரண்டும் ஒவ்வொன்று இருந்தன. நம் கடற்படையும் 2020இல் ஒப்பந்தமிட்ட 24 எம்எச்-60ஆர் ஹெலிகாப்டர்களில் முதல் சிலவற்றைப் பெற்று, 2024 மார்ச் 6 அன்று கொச்சியில் ஐ.என்.ஏ.எஸ். 334ஐத் தொடங்கிவிட்டது. அதே ஹெலிகாப்டரோடு ஆளில்லா விமானத்தை இணைத்துப் பழகிய ஒரு முன்மாதிரி உலகில் இருக்கும்போது, அதைப் படிக்காமல் நாம் நம் அமைப்பை வரையக் கூடாது.

அந்த முன்மாதிரியின் தோல்வியையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஃபயர் ஸ்கவுட்டின் பி வகை சிறியது. அடுத்து வந்த சி வகையோ பெல் 407 என்ற முழு ஹெலிகாப்டரின் உடலையே கொண்டது. பறக்கும் நேரம் கூடியது, சுமையும் கூடியது. கூடவே, ஹேங்கர் என்ற கப்பலின் விமானக் கொட்டகையில் அது கேட்ட இடமும், பராமரிப்புக்குக் கேட்ட ஆட்களும் மனிதர் ஓட்டும் ஹெலிகாப்டருக்கு நிகராக வளர்ந்தன. ஆனால் அது ஒரு மாலுமியைக் கடலிலிருந்து தூக்க முடியாது, நீர்மூழ்கியைத் தேடும் ஒலிக்கருவியான சோனாரை நீரில் இறக்க முடியாது. 2021 டிசம்பரில்தான் யு.எஸ்.எஸ். மில்வாக்கியில் முதல் முழுப் பணிப்பயணம் போன அந்த வகையும், அதற்கு முந்தைய பி வகையும் சில ஆண்டுகளுக்குள் சேவையிலிருந்து விலக்கப்பட்டன. திட்டத்தின் முடிவுக்கு, அவை ஏறிய கப்பல்களில் நேர்ந்த சிக்கல்களும் வரவுசெலவும் காரணங்களாக இருந்தன என்பது உண்மையே. எனினும், ஹெலிகாப்டரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஹெலிகாப்டரைவிடக் குறைவாகத் தரும் எதுவும் கப்பலில் நிலைக்காது என்பதே பராமரிப்புக்காரனாகிய என் முடிவு. விசாகப்பட்டினம் வகை நாசகாரிகளிலும் ஷிவாலிக் வகை ஃபிரிகேட்டுகளிலும் இரண்டு ஹெலிகாப்டர்களுக்கு இடம் உண்டு, அவற்றைவிடச் சிறிய கமோர்ட்டா வகைப் போர்க்கப்பல்களில் ஒன்றுக்குத்தான். கமோர்ட்டாவை மனத்தில் வைத்து அளவு முடிவு செய்யுங்கள். முழுச் சுமையோடும் 200 கிலோவுக்குள் அடங்கும் எஸ்-100 போன்ற அளவே நம் சிறு கப்பல்களுக்கு ஏற்றது.

தளத்தில் நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கோப்புகளில் இது வருவதில்லை. ஹெலிகாப்டர் எழும்பும் முன்பும் இறங்கும் முன்பும் கையில் பையோடு ஆட்கள் வரிசையாகத் தளம் முழுக்க நடந்து, ஓர் ஆணி, ஒரு வாஷர், பெயின்ட் செதில் கிடந்தாலும் பொறுக்கி எடுப்பார்கள். எஞ்சினுக்குள் அது உறிஞ்சப்பட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பறந்து வந்த ஹெலிகாப்டரின் எஞ்சினையும் உடலையும் ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவ வேண்டும். உப்பு ஓரிரவு தங்கினாலே அலுமினியம் அரித்துப் பூக்கத் தொடங்கும். கப்பலில் நன்னீர் அளந்து தரப்படும் பொருள். இப்போது அதே தளத்தில், அதே நீரைப் பங்கிட்டுக்கொண்டு, இன்னொரு விமானம் வருகிறது. அதன் பிளேடு உடைந்து தெறித்தால் அந்தத் துண்டு ஹெலிகாப்டரின் எஞ்சினுக்குப் போகும். பத்து டன்னுக்கும் கூடுதலான எடையோடு எழும்பும் எம்எச்-60ஆரின் ரோட்டர் காற்று, சங்கிலி போடாமல் நிற்கும் 200 கிலோ விமானத்தைத் தளத்தின் விளிம்புக்கே தள்ளிவிடும். இரண்டையும் தனித்தனிக் குழுக்கள் கவனித்தால், யார் சங்கிலி போட்டார், யார் தளத்தைப் பார்த்தார் என்ற குழப்பம் முதல் மாதத்திலேயே வரும். இரவு இரண்டு மணிக்கு, கப்பல் உருளும்போது, அந்தக் குழப்பத்துக்கு இடமிருக்கக் கூடாது.

வானில் இது இன்னும் கூர்மையாகிறது. தொடர்பு அறுந்தால் ஆளில்லா விமானம் முன்பே குறித்துக்கொடுத்த ஓரிடத்துக்குப் போய் வட்டமிடும், அல்லது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். கரையில் புறப்பட்ட இடம் நகராது. கப்பலோ 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல், வேகத்தில் போனால் இரண்டு மணி நேரத்தில் 30 கடல் மைல் தள்ளிப் போயிருக்கும். அந்தக் குறித்த இடம் எங்கே, எந்த உயரத்தில், ஹெலிகாப்டர் தளத்தை நோக்கி இறங்கும் பாதைக்கு எவ்வளவு அப்பால் என்பதை ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் ஹெலிகாப்டர் பைலட் தன் வாயால் சொல்லக் கேட்க வேண்டும். எரிபொருள் குறைந்து, மழைமேகத்துக்குள்ளிருந்து தளத்தைத் தேடி வரும் ஒரு பைலட்டுக்கு, அந்த மேகத்துக்குள் வேறொன்று வட்டமிடுகிறதா என்ற ஐயம் எழவே கூடாது. 2012 மார்ச் 30 அன்று யு.எஸ்.எஸ். சிம்ப்சனிலிருந்து பறந்த ஃபயர் ஸ்கவுட் ஒன்று, தானியங்கி இறங்கு கருவியோடு இணைப்பு கிடைக்காமல், கடைசியில் வேண்டுமென்றே கடலில் இறக்கப்பட்டது. ஒரு வாரத்தில் ஆப்கானிஸ்தானில் இன்னொன்று விழவே, அந்த வகை முழுவதும் தரையில் நிறுத்தப்பட்டது. நம்மிடமும் 2024 செப்டம்பரில் ராஜாளியிலிருந்து பறந்த சீகார்டியன் தொழில்நுட்பக் கோளாறால் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ஒப்படைப்புக்கு முந்தைய சோதனையில் இருந்த த்ருஷ்டி-10 ஆளில்லா விமானம் போர்பந்தருக்கு அருகே விழுந்தது. இத்தகைய இழப்புகள் இனியும் நேரும். விழும்போது பக்கத்தில் ஹெலிகாப்டர் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் ஒழுங்கைத்தான் இப்போது உருவாக்க வேண்டும்.

இழப்பு பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரூவன் மேல் பறந்த ட்ரோன் போல, இழப்பதற்கென்றே அனுப்பப்படும் விமானம் போனால், ஹெலிகாப்டர் விபத்துக்கு நடக்கும் அதே விசாரணை நீண்டு, கேப்டனின் பணிப்பதிவில் கறை விழும் என்றால், எந்தக் கேப்டனும் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கமாட்டார். எதிரியின் சூட்டிலோ, ஆபத்தென்று தெரிந்து அனுப்பிய பணியிலோ போனதை ஒரு பக்கக் குறிப்போடு முடியுங்கள். தொடர்பு அறுந்து போனதையும், தளத்தில் மோதியதையும், ஹெலிகாப்டரின் பாதைக்குள் வந்ததையும் மட்டும் முழுமையாக விசாரியுங்கள். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தும் விதி இருந்தால் அதை மாற்றும் அதிகாரம் உங்களிடமே உள்ளது.

எரிபொருள் குறித்து ஒரு வார்த்தை. நம் கப்பல்களில் ஹெலிகாப்டருக்கு ஏற்றப்படும் எரிபொருள், 60 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த வெப்பத்தில் ஆவி பற்றாத வகை. தீ விபத்தை அஞ்சியே கடற்படைகள் அதைத் தேர்ந்தெடுத்தன. சிறிய ஆளில்லா விமானங்கள் பல பெட்ரோல் எஞ்சினோடு வருகின்றன. சுழியத்துக்கு வெகு கீழான வெப்பநிலையிலும் ஆவி பற்றும் ஒரு திரவத்தை, ஏவுகணையும் டார்ப்பீடோவும் இருக்கும் கப்பலில் தனியாகச் சேமிப்பது என்பது, ஒரு புதிய ஆபத்தை நாமே ஏற்றிக்கொள்வதாகும். ஹெலிகாப்டரின் எரிபொருளிலேயே ஓடும் எஞ்சின் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனையாக வையுங்கள், விலை கூடினாலும் சரி.

தனி அணியே மேல் என்று சொல்வோரும் உண்டு. பிரிட்டன் 700எக்ஸ் என்ற அணியையும், ஆஸ்திரேலியா 2018இல் 822எக்ஸ் என்ற அணியையும் தனியாக அமைத்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். கரையில் பயிற்சி, சோதனை, உதிரிப்பாகம், தொழில்நுட்ப அறிவு ஆகியவற்றுக்கு ஒரு தாய் அணி இருப்பதை நானும் ஆதரிக்கிறேன். அதில் சேரும் அறிவு சிதறிவிடக் கூடாது. ஆனால் கப்பல் துறைமுகத்தை விட்ட பிறகு அந்தத் தனிமை தொடரக் கூடாது. அங்கே ஒரு ஃப்ளைட், ஒரு கமாண்டர், ஒரு பறப்புத் திட்டம், ஒரு குறைபாட்டுப் பதிவேடு என்று இருக்கட்டும். ஆளில்லா விமானம் காட்டும் படம் கப்பலின் கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் போகாமல், பறந்துகொண்டிருக்கும் ஹெலிகாப்டரில் கருவிகளைக் கையாளும் அதிகாரியான அப்சர்வரின் திரைக்கும் போகட்டும். நேட்டோவின் 4586 எண் தர விதி இதை ஐந்து படிகளாக வகுத்திருக்கிறது: படத்தைப் பிறர் வழியாகப் பெறுவது முதல் படி, நேராகப் பெறுவது இரண்டாவது, கேமராவை இயக்குவது மூன்றாவது, பறப்பை இயக்குவது நான்காவது, ஏற்றி இறக்குவது ஐந்தாவது. நமக்கு இன்று ஐந்தாம் படி வேண்டாம். ஹெலிகாப்டரில் ஏற்கெனவே ரேடாரும் சோனாரும் கையாளும் ஓர் அப்சர்வரின் தலையில் இன்னொரு விமானத்தை ஓட்டும் சுமையையும் வைப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. நேராகப் படம் பெறும் இரண்டாம் படியை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். இணைப்பு விதிகளைத் தயாரிப்பாளர் நம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. பின்னாளில் அதைக் கேட்டால் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று சொல்லவே தனி விலை கேட்பார்கள்.

ஆட்கள் விஷயத்தில் எனக்கு அச்சம் அதிகம். ஆளில்லா விமானம் என்பதாலேயே ஆள் தேவையில்லை என்று யாரோ கணக்குப் போட்டு, ஃப்ளைட்டின் இடங்களைக் குறைத்துவிடுவார்களோ என்பதே அந்த அச்சம். பறக்கும் இடத்தில்தான் ஆள் இல்லை. கழுவ, கட்ட, பிரிக்க, எரிபொருள் ஊற்ற, பேட்டரி மாற்ற, திரையைப் பார்க்க ஆள் வேண்டும். ஹெலிகாப்டர் மூன்று மணி நேரம் பறந்து வந்து நிற்கும். ஆளில்லா விமானம் ஆறு மணி நேரம் பறக்கும்போது திரைக்கு முன் இருப்பவர் கண் எத்தனை மணி தாங்கும்? இரண்டையும் ஒரே குழுவிடம் கொடுங்கள் என்று நான் கேட்பது, குழுவைப் பெரிதாக்கிக் கொடுங்கள் என்பதையும் உள்ளடக்கியதுதான். பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. அரக்கோணத்திலேயே ஐ.என்.ஏ.எஸ். 561 ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, அதே வேலிக்குள் சீகார்டியனை இயக்கிப் பழகியவர்களும் இருக்கிறார்கள். ஹெலிகாப்டர் பைலட் பயிற்சியிலேயே ஆளில்லா விமானத்தோடு வானைப் பகிர்ந்துகொள்ளும் பாடத்தையும், அதை இயக்குவோருக்கு ஒருமுறையாவது ஹெலிகாப்டரில் உட்கார்ந்து கப்பலில் இறங்கிப் பார்க்கும் அனுபவத்தையும் கட்டாயமாக்குங்கள். தளம் மேலும் கீழும் போவதைத் திரையில் பார்ப்பவருக்கும், வயிற்றில் உணர்ந்தவருக்கும் எச்சரிக்கையில் வேறுபாடு இருக்கும்.

ஹெலிகாப்டர் பற்றாக்குறையை ஆளில்லா விமானத்தால் மூடி மறைக்கும் ஆசையும் வரும், அதற்கு இடம் தராதீர்கள். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் த்ருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தபின், அந்த வகை முழுவதும் நிறுத்தப்பட்டது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் அனுமதி திரும்பிய பின்பும் கடற்படை, கடலோரக் காவல்படை வகைகள் காத்திருந்தன. 1960களில் வந்த சேத்தக்குகளின் இடத்தை நிரப்ப 2018இல் ஒப்புதல் பெற்ற 111 பயன்பாட்டு ஹெலிகாப்டர் திட்டம் இன்னும் தளத்துக்கு வரவில்லை. இந்த இடைவெளியில் ஆளில்லா விமானம் கண்காணிப்பு நேரத்தைத் தன் மேல் ஏற்றுக்கொண்டு, இருக்கும் சில ஹெலிகாப்டர்களின் பறப்பு மணிகளை மிச்சப்படுத்தித் தரும். அந்த மிச்சத்தைக் காட்டி ஹெலிகாப்டர் கொள்முதலைத் தள்ளிப்போடுவது, கடலில் விழுந்தவர்களைக் கைவிடுவதாகும்.

கடலில் விழுந்தவர்கள் என்று நான் சொல்வது யாரையோ அல்ல. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலைக் கடந்த ஒக்கி புயலில், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டும் காணாமலும் போனார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் பல நாள்கள் தேடின, பலரை மீட்கவும் செய்தன. என்றாலும் தேடல் தாமதமாயிற்று, போதவில்லை என்ற குறை அந்த ஊர்களில் இன்றும் உண்டு. கவிழ்ந்த வள்ளத்தின் மேல் படுத்திருக்கும் ஒருவரைக் கடலில் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அலைக்கும் மனிதத் தலைக்கும் மேலிருந்து பார்த்தால் பேதம் தெரியாது. வெப்பப் படக்கருவியோடு ஆறு மணி நேரம் தாழப் பறக்கும் ஒரு சிறு விமானம் தேடட்டும். கண்டதும், எரிபொருளை மிச்சம் பிடித்துத் தளத்தில் தயாராக நிற்கும் ஹெலிகாப்டர் போய் வின்ச் என்ற தூக்குக் கயிற்றை இறக்கித் தூக்கட்டும். இந்த இணைப்புதான் நான் கேட்பது. இதற்கு இரு குழுவினரும் முன்பே ஒன்றாகப் பறந்து பழகியிருக்க வேண்டும். புயல் நாளில் கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் ஒருவரையொருவர் முதல்முறையாகச் சந்திப்பவர்களால் இது நடக்காது.

ஆகவே அடுத்த தென்மேற்குப் பருவக் காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பருக்குள், அரபிக் கடலில், ஒரே ஹெலிகாப்டருக்கு இடமுள்ள ஒரு கப்பலைத் தேர்ந்து, இரண்டு விமானங்களையும் ஒரே ஃப்ளைட் கமாண்டரிடம் ஒப்படைத்து ஒரு முழுப் பணிப்பயணம் அனுப்பிப் பாருங்கள். காற்று எவ்வளவு, கப்பல் எவ்வளவு உருளும்போது எது எழும்பலாம், எது இறங்கலாம் என்ற எல்லைகளை, அமைதிக் கடலில் எடுத்த அளவுகளை வைத்து நிர்ணயிக்காமல், அந்தக் கடலிலேயே எழுதுங்கள். எத்தனை முறை ஹெலிகாப்டர் ஆளில்லா விமானத்துக்காகக் காத்திருந்தது, எத்தனை லிட்டர் நன்னீர் கூடுதலாகச் செலவாயிற்று, பராமரிப்பாளர்கள் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பவற்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பதிவேடு வந்து சேரும்வரை பெரும் எண்ணிக்கையிலான கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கடற்படை ஹெலிகாப்டர் பராமரிப்புப் பிரிவின் முன்னாள் பணியாளர் ஒருவர்,
அரக்கோணம்.